ஏழாம் நம்பர் மலையின் மிலாறு

அத்தியாயம் பன்னிரண்டு

“கயிறை எடுத்துக்கிட்டியா, போஸ்டர்காரி?”

லயத்து வரிசை வீடுகளின் கடைசிக் காம்பராவிலிருந்து காளியாயி கத்தினாள். பேச்சியம்மா இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கின் மேல் சுற்றியிருந்த கயிற்றின் நுனியை இழுத்துக் காட்டிவிட்டு நடந்தாள்.

காளியாயி இந்தப் பட்டப்பெயரைச் சூட்டி ஒரு வாரமாகிறது. போன சனிக்கிழமைதான் கம்பெனிக்காரர்கள் ஏழாம் நம்பர் மலை வளைவில் அந்தப் பச்சைப் போர்டை நட்டார்கள். ஆளுயரத்துக்கு மேல் ஓராள் உயரம். அதில் பாதி இடத்துக்குப் பேச்சியம்மாவின் முகம். தலையில் மிலாறு விறகுக் கட்டு, வாயெல்லாம் பல். பக்கத்தில் இங்கிலீஷிலும் சிங்களத்திலும் பத்திப் பத்தியாக ஏதோ எழுதியிருந்தது. தமிழில் அடியில் ஒரே ஒரு வரி: ‘பசுமை எரிபொருள் திட்டம்’. அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்கும் தன் முகத்துக்கும் என்ன உறவு என்று பேச்சியம்மா கேட்கவில்லை. முப்பது வருடம் கொழுந்து பறித்தவளின் படத்தை ரோட்டில் வைத்திருக்கிறார்கள். அதுவே போதுமாக இருந்தது. ஒரு வாரமாக அந்த வளைவில் அவள் நடை சற்று மெதுவாகத்தான் இருந்தது.

அதோடு மகள் லோஜினிக்கும் அதே திட்டத்தில் வேலை. உயர்தரப் பரீட்சை முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்த பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு முன் பச்சைச் சட்டையும், கழுத்தில் தொங்க ஓர் அட்டையும், கையில் தொட்டு எழுதும் ஒரு டெப்பும் கொடுத்தார்கள். கொழுந்துக் கூடை தொடாத முதல் பெண் இந்தக் குடும்பத்தில் அவள்தான். சட்டையைச் சிரட்டைக் கரி போட்டுத் தேய்த்துக் கொடுத்தது பேச்சியம்மா.

ஆனால் இன்று விடியற்காலை லோஜினி ரொட்டியைத் தொடவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, தாயின் முகத்தைப் பார்க்காமல், “அம்மா, இன்னைக்கு மிலாறு எடுக்கப் போகாதீங்க” என்றாள்.

“ஏன் புள்ள?”

“தலவலின்னு சொல்லிட்டு வீட்டுலயே இருங்களேன்.”

“எனக்கு எங்க தலவலி?”

லோஜினி விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள். அது காலையிலிருந்து பேச்சியம்மாவின் காலுக்குள் முள்ளாகக் கிடந்தது.

போகாமல் எப்படி இருப்பது? சித்திரை முடியப் போகிறது. வைகாசி மழை பிடித்தால் கூனிமலைத் தோட்டத்தில் மூன்று மாதம் வானம் மூடிக்கொள்ளும். காட்டு விறகு நனைந்து போகும். நனைந்த விறகில் சோறு வேகுமுன் கண் வெந்துவிடும். அந்த மூன்று மாதத்தைக் கடப்பது மிலாறை வைத்துத்தான். கவ்வாத்துக் கத்தி வெட்டித் தள்ளுகிற தேயிலைக் குச்சி அது. ஒரு மாதம் வெயிலில் கிடந்தால் எண்ணெய் ஊற்றியதுபோல் நின்று எரியும்.

ஒரு மலைக்குக் கவ்வாத்து நாலைந்து வருடத்துக்கு ஒரு முறைதான் வரும்; இந்த வருடம் ஏழாம் நம்பருக்கு. எந்த நிரையில் எவள் கொழுந்து பறித்தாளோ அந்த நிரையின் மிலாறு அவளுக்கு. இலை மண்ணுக்கு, குச்சி அடுப்புக்கு. இதை எந்தத் துரையும் எழுதிக் கொடுத்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கொடுமைக்காரத் துரைகூட இதில் கை வைத்ததில்லை.

சனிக்கிழமையென்பதால் பன்னிரண்டு மணிக்கு வேலை விட்டுவிட்டார்கள். சாப்பிட்ட கையோடு பதினெட்டுப் பெண்கள், பதினெட்டுக் கயிறுகள். வளைவில் திரும்பினார்கள்.

மலையின் வாயிலில் குறுக்கே ஒரு மஞ்சள் நாடா கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் ஓர் அரைவை இயந்திரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. வெளியாட்கள் நாலு பேர் மிலாறை வாரி வாரி அதன் வாயில் திணித்தார்கள். மறுபக்கம் டிராக்டர் பெட்டியில் தூளும் துண்டுமாகக் கொட்டியது. ஐந்து நிரை ஏற்கெனவே மொட்டையாகக் கிடந்தது.

“நில்லுங்க, நில்லுங்க! யாரும் உள்ள எறங்கக் கூடாது.” கணக்கப்பிள்ளை சின்னராசா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

“ஏன் கணக்கப்புள்ள ஐயா, உள்ள புலி கிலி இருக்கா?” என்றாள் காளியாயி.

“புலி இல்ல. மெஷின் ஓடுது.”

“புலின்னா பரவால்ல. ஒருத்தியத் தின்னுட்டு மத்தவள விட்டுரும்.”

பெண்கள் சிரித்தார்கள். சின்னராசா சிரிக்கவில்லை. “இந்தா பாருங்க, நான் சொல்றதக் கேளுங்க. இனிமே மிலாறு கம்பெனிக்கு. அரைச்சு ஸ்டோர் அடுப்புக்குப் போகுது. டீசல் இல்லாமத் தேயிலை காயப்போகுது. வெளிநாட்டுல வாங்குறவன் அதைத்தான் கேக்குறானாம்.”

தேயிலை ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். பேச்சியம்மாவின் புருஷன் சோலைமலைக்கு அங்கே அடுப்பு வேலை. இருபத்தாறு வருடம்.

“எங்க மிலாறையா?” என்றாள் பேச்சியம்மா.

“உங்க மிலாறுன்னு எங்க எழுதியிருக்கு?”

“உங்க பொண்டாட்டி உங்களுக்குன்னு எங்க எழுதியிருக்கு?” இது காளியாயி.

சின்னராசாவின் காது சிவந்தது. அதற்குள் டிராக்டருக்குப் பின்னாலிருந்து தோட்டத்தின் உதவி மேனேஜரான சின்னத்துரை வந்தார். முப்பது வயதிருக்கும். அவருக்கு ஓரடி பின்னால், டெப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லோஜினி.

தாயும் மகளும் பார்த்துக்கொண்டார்கள். காலையில் தைத்த முள் எதுவென்று பேச்சியம்மாவுக்கு இப்போது தெரிந்தது. இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தலைவலி என்று சொல்லச் சொல்லியிருக்கிறாள்.

“அம்மா, சண்டை வேணாம்,” சின்னத்துரை தனக்குத் தெரிந்த தமிழில் பொறுமையாகத்தான் பேசினார். “இது வேஸ்ட் தானே. வேஸ்ட் எடுத்து நல்ல வேலை செய்யிறோம். எண்ணெய் எரிச்சா காத்து கெட்டுப் போகுது. இது எரிச்சா திரும்ப மொளைக்குது. நம்ம எல்லாருக்கும் நல்லது. ஒவ்வொரு வீட்டுக்கும் கேஸ் அடுப்பு குடுப்போம்.”

“அடுப்பு குடுப்பீங்க. அதோட வயித்துக்கு மாசா மாசம் யாரு போடுறது, தொரைங்களா?” என்றாள் காளியாயி.

பேச்சியம்மா நாடாவின் பக்கத்தில் போய் நின்றாள். “தொரை, எண்ணெய் எரிக்காதீங்கன்னா எரிக்காதீங்க. யாரு வேணாம்னா? ஆனா நாங்க எங்க வீட்டுல எரிக்கிறது என்ன, பெட்ரோலா? எங்க ஆத்தா எரிச்சதும் இதே மிலாறுதான். அவ ஆத்தா எரிச்சதும் இதேதான். அப்பல்லாம் காத்து நல்லாருக்குதுன்னு எங்களுக்கு யாரும் போர்டு வைக்கல. இன்னைக்கு நீங்க எரிச்சா அது பசுமை. நாங்க எரிச்சா வேஸ்டு. அப்படித்தானே?”

சின்னத்துரைக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதிக்கு அவர் வளைவிலிருந்த போர்டைக் கை காட்டினார். “கம்பெனி சும்மா எடுக்கல. மொதல்ல குடுத்தது நீங்க. உங்க போட்டோ தானே அது? அதுல எழுதியிருக்கு.”

பதினெட்டுப் பேரும் திரும்பிப் போர்டைப் பார்த்தார்கள். அங்கே பேச்சியம்மா வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“லோஜி. என்ன எழுதியிருக்கு? படி.”

“அம்மா, வீட்டுல வந்து...”

“இங்க படி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி.”

லோஜினி சின்னத்துரையைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார். அவள் போர்டைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை இல்லை. மனப்பாடமாக இருந்தது அவளுக்கு; தமிழாக்கிச் சொன்னாள்.

“‘நாட்டில் எரிபொருள் இல்லாமல் போன காலத்தில், இந்தத் தோட்டத்துத் தொழிலாளர்கள் தங்களுக்குத் தேவையில்லாத கவ்வாத்துக் கழிவைத் தாங்களாகவே முன்வந்து தொழிற்சாலைக்குக் கொடுத்தார்கள். அந்த நல்ல யோசனையிலிருந்து பிறந்ததே இத்திட்டம்.’”

இயந்திரம் ஒரு கணம் ஓய்ந்து, மறுபடி உறுமியது.

தேவையில்லாத.

மூன்று வருடம் முந்தைய அந்த மழைக்காலம் பேச்சியம்மாவின் கண்முன் வந்து நின்றது. நாடு முழுக்க டீசலுக்கு வரிசை. ஸ்டோருக்கு டீசல் வரவில்லை. பறித்த கொழுந்து பரப்பிய இடத்திலேயே புளித்தது. ஸ்டோர் நின்றால் கொழுந்து வேண்டாம், கொழுந்து வேண்டாமென்றால் வேலை இல்லை. அன்றைக்கு லயத்துக்கு ஓடிவந்தவன் சோலைமலை. பழைய விறகடுப்பு பின்னால் கிடக்கிறது, காய்ந்த மிலாறு கிடைத்தால் மூட்டிவிடலாம் என்றான். முதல் மிலாறுக் கட்டைத் தூக்கியவள் பேச்சியம்மா. வீடு வீடாகப் போய்க் கேட்டவளும் அவள்தான். “ஸ்டோர் நின்னா நம்ம அடுப்பும் நிக்கும்டி” என்று சொன்னாள். மழைக்கென்று சேர்த்து வைத்த மிலாறை அத்தனை பெண்களும் சுமந்துகொண்டு போய்க் கொட்டினார்கள். புகைபோக்கியில் புகை எழுந்ததைப் பார்த்து, அடுத்த கட்டு தலையில் இருக்க, அவள் சிரித்தபோது யாரோ போனில் படம் எடுத்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் போர்டில் இருக்கிறது.

“ஏன் பேச்சி,” என்றாள் காளியாயி. குரலில் இப்போது கேலி ஒரு சொட்டும் இல்லை. “நான் கடைசி ஆளாக் குடுத்தேன். நீ என் வாசல்ல வந்து நின்னதுனால குடுத்தேன். ஒரு மாசம் பச்ச வெறகுல ஊதி ஊதி இந்த எடது கண்ணு போச்சு. தேவையில்லாததுன்னு நானா சொன்னேன்?”

“நான் அப்படிச் சொல்லலக்கா.”

“மூஞ்சி ஒன் மூஞ்சிதானே?”

பெண்கள் விலகியதில் பேச்சியம்மாவைச் சுற்றி இரண்டடி இடம் காலியானது. முப்பது வருடம் தோளோடு தோள் உரசி நிரை பிடித்தவர்கள். அந்த இரண்டடியை அவளால் தாங்க முடியவில்லை.

கயிற்றை இறுக்கிக்கொண்டு ஸ்டோர் பக்கம் நடந்தாள். நடந்தாள் என்பது மரியாதைக்கு, ஓடினாள்.

* * *

ஸ்டோரின் முன்வாசலில் கொழுந்துக்காரிகளுக்கு வேலை இல்லை. பின்கட்டில், மலைச்சரிவை ஒட்டி, அடுப்பு இருந்தது. சட்டை இல்லாமல், தோளில் துண்டோடு, இரும்புக் கதவின் முன்னால் சோலைமலை நின்றான். நெருப்பைப் பார்ப்பதைவிட அதிகமாக அவன் அதைக் கேட்பான். சத்தம் மாறினால் காற்றுக் கதவை அரை விரல் திறப்பான், கால் விரல் மூடுவான். போன மாதம் கொழும்பிலிருந்து வந்த இஞ்சினியர்கள் புதிய அடுப்பை வைத்து இரண்டு நாள் மல்லுக்கட்டினார்கள். புகை திரும்பித் தேயிலையில் ஏறி, அத்தனையும் கருவாடு மாதிரி நாறியது. மூன்றாம் நாள் சோலைமலையைக் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் அடுப்பு அவனுக்கு அடங்கியது. அன்றிலிருந்து அவனைக் கேட்காமல் அதை வேறு யாரும் தொடுவதில்லை.

“என்னடி, இங்க வந்து நிக்கிற?”

“இது எந்த மலை மிலாறு?” தரையில் குவிந்திருந்த தூளைக் காலால் எத்தினாள் பேச்சியம்மா.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைக்க வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்தான்.

“சொல்லுங்க. ஏழாம் நம்பரா?”

“காலையிலதான் வந்துச்சு. எனக்கும் காலையிலதான் தெரியும்.”

“பொய்.”

“சாமி சத்தியமா. ரோட்டோரத்துல நடுற வேலிமரத்த வெட்டி எரிப்போம்னுதான் சொன்னாங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வெட்டலாம், திரும்பத் துளுக்கும்னாங்க. இன்னும் நட்ட கம்பே வேர் விடல. அதுக்குள்ள...”

“மிலாறு எரியும்னு அவங்களுக்கு யாரு சொன்னா?”

அவன் காற்றுக் கதவைத் திருகினான். அடுப்புக்குள் ஏதோ வெடித்தது.

“எத்தன நாள் காயணும், எவ்வளவு மொத்தத்துக்கு வெட்டணும், எதோட எதக் கலக்கணும். இதெல்லாம் அந்த இஞ்சினியருங்களுக்கு அவங்க ஆத்தாளா சொல்லிக் குடுத்தா?”

“கேட்டாங்க. சொன்னேன்.”

“கேட்டா சொல்லிருவீங்களா?”

“நாக்காலி போட்டுக் கேட்டாங்கடி!” சோலைமலை கத்திவிட்டான். பிறகு குரல் இறங்கியது. “ஆபிஸ் உள்ளுக்க கூட்டிட்டுப் போயி, நாக்காலி போட்டு உக்கார வச்சு, தேத்தண்ணி குடுத்து, ‘சோலைமலை, நீங்க சொல்லுங்க’ன்னாங்க. நீங்கன்னு சொன்னாங்க. இருவத்தாறு வருசம் இந்த நெருப்பு முன்னால நிக்கிறேன். அந்த ஆபிஸ்ல நின்னு திட்டு வாங்கியிருக்கேன். உக்காந்ததில்ல.”

பேச்சியம்மா அவனைப் பார்த்தாள். நெஞ்சில் நெருப்புப் பொறி பட்டுப் பட்டு விழுந்த சின்னச் சின்னத் தழும்புகள். வேறொரு நாளாக இருந்தால் அவளுக்கு அழுகை வந்திருக்கும். இன்று வரவில்லை.

“அப்போ ஒரு நாக்காலிக்கு வித்தீங்க. பதினெட்டு வீட்டு அடுப்ப.”

“வார்த்தைய அளந்து பேசு!”

“பொம்பளைங்க மிலாறத் தொடாதீங்கன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா அங்க?”

“சொல்லணும்னு...”

“சொன்னீங்களா?”

“நெனச்சேன்.”

“நெனச்சீங்க.” அவள் சிரித்தாள். போர்டில் இருந்த சிரிப்பு அல்ல இது.

சோலைமலைக்கு அந்தச் சிரிப்பு சுட்டது. சுட்ட இடத்தில் கையை வைப்பதற்குப் பதிலாக அவன் திருப்பி எறிந்தான். “பெருசா பேச வந்துட்டா. மொத கட்ட யாரு தூக்கிட்டு வந்தா? நானா? வீடு வீடா ஏறி எறங்குனது யாரு? போர்டுல பல்லக் காட்டிட்டு நிக்கிறது என் மூஞ்சியா, ஒன் மூஞ்சியா?”

இரண்டாவது தடவையாக அதே கேள்வி. இந்த முறை அவள் தடுமாறவில்லை.

“என் மூஞ்சிதான். மொத கட்டத் தூக்கினவளும் நான்தான். அன்னைக்குக் கடனாக் கேட்டிருந்தா இன்னைக்குத் திருப்பிக் கேக்கலாம். பாசமாக் குடுத்தோம். அதான் தப்பு. பாசமாக் குடுத்தத அவங்க உரிமையா எழுதிக்கிட்டாங்க.” கயிற்றை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டாள். “மொத கட்ட உள்ள கொண்டாந்தது நான். மொத கட்ட வெளிய எடுக்கிறதும் நானாத்தான் இருக்கணும்.”

“பேச்சி! போகாத. லோஜி அங்க நிக்கிறா. அவ வேலை போயிரும்டி!”

அவள் திரும்பவில்லை.

“பேச்சி!”

“நீங்க நாக்காலியில உக்காருங்க,” என்றாள், முதுகைக் காட்டியபடியே.

* * *

அவள் திரும்பி வந்தபோது பெண்கள் ரோட்டோரத்தில் குந்தியிருந்தார்கள். வீட்டுக்கும் போகவில்லை, உள்ளேயும் இறங்கவில்லை. இயந்திரம் பத்தாவது நிரையைத் தின்றுகொண்டிருந்தது. பேச்சியம்மாவின் நிரை பதிமூன்று.

அவள் யாரோடும் பேசவில்லை. மஞ்சள் நாடாவைக் காலால் மிதித்துத் தாழ்த்தித் தாண்டினாள்.

“ஏய், ஏய்! பேச்சியம்மா!” சின்னராசா ஓடி வந்தார். வந்தவர் அவள் முகத்தைப் பார்த்து நாலடி தள்ளியே நின்றுகொண்டார். மிலாறு வாரிய ஆட்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இயந்திரம் வெறும் வாயை மென்றது.

பதிமூன்றாம் நிரை. மொட்டைக் கட்டைகளுக்கு நடுவே மிலாறு காய்ந்து கிடந்தது. குனிந்தாள். ஒரு பிடி எடுத்துத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒட்டிக்கொண்டிருந்த சருகெல்லாம் செடியின் காலடியில் உதிர்ந்தது. இலை மண்ணுக்கு. கயிற்றை விரித்து அதன்மேல் குச்சியை அடுக்கினாள். அவசரப்படவில்லை. தடித்த குச்சி அடியில், மெல்லியது மேலே. முழங்காலால் அழுத்திக் கட்டினாள்.

சின்னத்துரையின் முகத்தில் பொறுமை தீர்ந்திருந்தது. “லோஜினி, பேர் எழுது. திங்கள் கெழம ஆபிஸ்ல பார்ப்போம். களவுன்னு போடு.”

லோஜினி அசையவில்லை.

“எழுது லோஜினி,” என்றார் சின்னத்துரை மறுபடி.

அவள் நிரைக்குள் வந்தாள். பச்சைச் சட்டையின் கையில் காலையில் தேய்த்த மடிப்பு இன்னும் கலையவில்லை. டெப்பின் வெளிச்சம் அவள் முகவாயில் அடித்தது.

“ஏம்மா இப்படிப் பண்றீங்க?” பற்களுக்கு நடுவிலிருந்து பேசினாள். “நான்தான் வராதீங்கன்னு சொன்னேன்ல? எத்தன வருசம் கழிச்சு இந்த வேலை கெடச்சிச்சு? என்னையும் கூடையத் தூக்கச் சொல்றீங்களா?”

“ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் வாயத் தொறக்கல.”

“தொறந்தா? என்ன நடக்கும்? இந்தச் சட்டையப் போட்டிருக்கிற வரைக்குமாவது ஏதாவது...”

“சட்டையக் கழட்டுன்னு நான் சொல்லல. எழுதுன்னுதான் சொல்றேன்.” பேச்சியம்மா நிமிர்ந்தாள். “எழுது. பேச்சியம்மா, ஏழாம் நம்பர் மலை, பதிமூணாம் நிரை. ஒரு கட்டு மிலாறு எடுத்தா. களவுன்னு எழுதாத. எடுத்தான்னு எழுது.”

“அப்படி எழுத முடியாதும்மா!”

“ஏன் முடியாது?”

லோஜினி டெப்பைத் திருப்பிக் காட்டினாள். “இதுல ரெண்டே ரெண்டு கட்டம்தான் இருக்கு. ‘ஒப்படைத்தது’ன்னு ஒண்ணு. ‘களவு’ன்னு ஒண்ணு. எடுத்தாங்கன்னு ஒரு கட்டம் இல்ல. ஒங்களுக்கு உரிமை இருக்குன்னு இதைச் செஞ்சவனுக்கே தெரியாது.”

பேச்சியம்மா அந்தக் கண்ணாடித் திரையைப் பார்த்தாள். கொடுத்தவள், அல்லது திருடி. மலை முழுக்கக் குனிந்து நிமிர்ந்த பெண்களுக்கு அந்த இரண்டு பெயரில் ஒன்றுதான் பாக்கி.

“அப்போ மூணாவதா ஒரு கட்டம் போடச் சொல்லு,” என்றாள். “போடுற வரைக்கும் நான் தெனமும் வருவேன்.”

கட்டைத் தூக்கத் தனி ஆளால் முடியாது. இன்னொருத்தி ஒரு கை கொடுக்க வேண்டும். எப்போதும் அப்படித்தான். லோஜினி டெப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். தாய் அவளைக் கேட்கவில்லை. குனிந்து, கட்டின் ஒரு முனையைப் பிடித்துத் தம் கட்டினாள். பாதிதான் எழுந்தது.

மறுமுனையை ஒரு கை பிடித்தது. நரம்பு புடைத்த, கறை ஏறிய கை.

“தள்ளு. இப்படியா தூக்குவ, போஸ்டர்காரி?” என்றாள் காளியாயி. கட்டு பேச்சியம்மாவின் தலைக்கு ஏறியது. காளியாயி லோஜினியின் பக்கம் திரும்பினாள். “என் பேரையும் எழுது புள்ள. காளியாயி, பன்னெண்டாம் நிரை. ஒத்தக் கண்ணு கெழவின்னும் சேத்துக்க. அப்புறம் அடையாளம் தெரியாமப் போயிரும்.”

ரோட்டோரத்தில் குந்தியிருந்தவர்கள் எழுந்து படங்கை உதறினார்கள். மஞ்சள் நாடா எந்தப் பக்கம் அறுந்து விழுந்தது என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை.

லோஜினி யார் பெயரை எழுதினாள், எந்தக் கட்டத்தில் எழுதினாள் என்பதும் தெரியவில்லை. பேச்சியம்மா வளைவில் திரும்பியபோது அவள் இன்னும் அந்தப் பதிமூன்றாம் நிரையில்தான் நின்றாள்.

* * *

ஐந்து மணிக்கு மேல் பேச்சியம்மா அடுப்பை மூட்டினாள். மிலாறு முதல் குச்சியிலேயே பிடித்துக்கொண்டது. உலை வைத்தாள். மகள் வரவில்லை. புருஷனுக்குப் பகல் முறை முடிந்து ஒரு மணி நேரமாகிறது. அவனும் வரவில்லை.

உலை கொதிக்கத் தொடங்கியபோது ஸ்டோரின் சங்கு ஊதியது.

அது ஊதுகிற நேரமே இல்லை. நின்று, மறுபடி ஊதியது. விடாமல் ஊதியது.

“பேச்சி!” வெளியே காளியாயி. “ஏய் பேச்சி, வெளிய வா. ஸ்டோரப் பாரு!”

ஊதுகுழல் கையோடு வாசலுக்கு வந்தாள். லயம் முழுக்கப் படிக்கட்டில் நின்றது. பதினெட்டு வீட்டுக் கூரைக்கு மேலும் சமையல் புகை எழுந்துகொண்டிருந்தது. பள்ளத்தில் ஸ்டோர் தெரிந்தது. அதன் நீண்ட புகைபோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டு மொட்டையாக நின்றது. அதில் ஒரு நூல் புகை இல்லை.

உள்ளே இன்று பறித்த கொழுந்து அத்தனையும் பரப்பிக் கிடக்கிறது. விடிவதற்குள் சூடு கிடைக்காவிட்டால் எல்லாம் குப்பைக்குத்தான். மலை ரோட்டில் பெரிய துரையின் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கீழே பறந்தது. அதற்குப் பின்னால், ஸ்டோர் பக்கமாக, பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள்.

புதிய அடுப்பு அடங்கிய நாளிலிருந்து ஒரு முறைகூட அணையாத நெருப்பு அது. புகை திரும்பாமல் அதை அணைக்கத் தெரிந்தவன் தோட்டத்தில் ஒருத்தன்தான்.

திரும்ப மூட்டத் தெரிந்தவனும் அவன் ஒருத்தன்தான்.